ஆதார் க்யூஆர் முதல் சினிமா தியேட்டர் வரை: முதல் வேவ்லெட்டை எழுதிய ஆல்ஃபிரெட் ஹார் யார்?

உங்கள் ஆதார் அட்டையை எடுத்து, அதில் இருக்கும் பெரிய க்யூஆர் குறியீட்டை ஒரு நிமிடம் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மட்டும்தான் தெரியும். ஆனால், அந்தப் புள்ளிகளுக்குள் உங்கள் பெயர், முகவரியோடு உங்கள் புகைப்படமும் இருக்கிறது. இணைய இணைப்பே இல்லாத இடத்திலும் அதை ஸ்கேன் செய்து முகத்தைச் சரிபார்க்கலாம். 2018-ல் வந்த புதிய வகை க்யூஆரில்தான் இந்த வசதி சேர்ந்தது.

ஒரு க்யூஆர் குறியீட்டில் அதிகபட்சம் 7,089 இலக்கங்களைத்தான் அடைக்க முடியும். கணினிக் கணக்கில் இது 3 கேபிக்கும் குறைவு. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் குட்மார்னிங் படமே இதைவிடப் பல மடங்கு பெரிசு. அந்தத் துளி இடத்தில் பெயர், முகவரி, ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் போக, மிச்சத்தில் ஒரு முகத்தை எப்படி அடைத்தார்கள்?

அந்தப் படம் ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. போனில் நாம் எடுக்கும் சாதாரண ஜேபெக் படத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பெயர் ஒன்று, உள்ளே ஓடும் கணக்கு வேறு. அந்தக் கணக்குக்கு வேவ்லெட் என்று பெயர். தமிழில் சிற்றலை என்று எழுதுகிறார்கள். கணித வரலாற்றில் முதல் வேவ்லெட் என்று இன்று எல்லோரும் காட்டுவது, 1909-ல் ஹங்கேரியைச் சேர்ந்த 23 வயது மாணவர் ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதிய ஒரு சிறிய பகுதியைத்தான். அப்போது கணினி கிடையாது. வேவ்லெட் என்ற சொல்லையும் அவர் பயன்படுத்தவில்லை. படத்தைச் சுருக்குவது பற்றி அவர் யோசித்திருக்கவும் வாய்ப்பில்லை.

அவர் பெயர் ஆல்ஃபிரெட் ஹார்.

புடாபெஸ்ட்டில் ஒரு பள்ளிக்கூடம்

ஹார் 1885 அக்டோபர் 11-ம் தேதி புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்போது ஹங்கேரி, ஆஸ்திரியாவோடு சேர்ந்த இரட்டை முடியரசின் ஒரு பாதி. அவர் படித்த ஃபஷோரி லூத்தரன் பள்ளி, கணித உலகில் ஒரு தனிக்கதை. ஹாருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஜான் வான் நாய்மனும் யூஜீன் விக்னரும் அதே பள்ளியில்தான் படித்தார்கள். ஒருவர் கணினியின் கட்டமைப்புக்குப் பெயர் கொடுத்தவர், இன்னொருவர் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்.

பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு கணிதப் போட்டி நடக்கும். ஓட்வோஷ் போட்டி என்று பெயர். மனப்பாடம் செய்த பாடம் அங்கே எடுபடாது. சில கேள்விகள்தான் கொடுப்பார்கள், உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 1903-ல் ஹார் அதில் வென்றார். நம் ஊர் நுழைவுத்தேர்வுகளைப் பற்றி எழுதிப் பழகிய எனக்கு, ஒரு சின்ன நாட்டின் கணிதத் தலைமுறையே இப்படி ஒரு போட்டியின் வழியாக வந்ததைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் கணிதம் படிக்க நினைப்பவர்களுக்கு அதுதான் காசி. டேவிட் ஹில்பர்ட் அங்கே இருந்தார். 1900-ல் பாரிஸ் மாநாட்டை ஒட்டி, தீர்க்கப்படாத 23 கணக்குகளின் பட்டியலைக் கொடுத்து ஒரு நூற்றாண்டுக்கே வேலை வைத்த அதே ஹில்பர்ட். ஹார் அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

கோட்டிங்கனில் இன்னொரு புடாபெஸ்ட்காரரும் இருந்தார். பின்னாளில் அமெரிக்காவில் ராக்கெட் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட தியோடர் வான் கார்மன். இரண்டு பேரும் சேர்ந்து 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மணல் போன்ற பொருள்கள் அழுத்தம் தாங்காமல் எப்படிச் சரிகின்றன என்பதைப் பற்றியது. மண் பொறியியலில் ஹார் - வான் கார்மன் கொள்கை என்று இன்றைக்கும் அது புழங்குகிறது. ஹாருக்கு அது பக்கத்து வேலை. முதன்மை வேலை வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எந்த ஒரு சிக்கலான வளைவையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஜோசஃப் ஃபூரியே காட்டியிருந்தார். அற்புதமான கருவி. இன்றும் நாம் கேட்கும் எம்பி3, பார்க்கும் ஜேபெக் எல்லாம் அந்த வம்சம்தான். ஆனால், 1873-ல் பால் து புவா-ரேமோன் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். எங்கேயும் அறுபடாத ஒரு தொடர்ச்சியான வளைவை எடுத்துக்கொண்டாலும், அதன் ஃபூரியே அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் சில இடங்களில் விடை நிலைக்கு வராமல் தறிகெட்டுப் போகலாம் என்று காட்டினார்.

ஃபூரியேவின் அலைகள் தம்பூரா மாதிரி. ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை இழைந்துகொண்டே இருக்கும். எந்த நொடியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. ஒரே ஒரு இடத்தில் நடக்கும் மாற்றத்தைச் சொல்லவும் அத்தனை அலைகளையும் திருத்தியாக வேண்டும்.

ஹாரின் ஆய்வேடு இந்த இடத்தில்தான் கேள்வி கேட்டது. தொடர்ச்சியான எந்த வளைவைக் கொடுத்தாலும் தறிகெட்டுப் போகாமல், எல்லா இடத்திலும் சீராக விடைக்கு வந்து சேரும்படியான வேறு ஒரு அடுக்கு இருக்கிறதா? இருக்கிறது என்று அவரே ஒன்றைக் கட்டிக் காட்டினார். அதில் அலை என்று சொல்லும்படி எதுவுமே கிடையாது. பாதி தூரம் மேலே ஒரு படி, மீதிப் பாதி கீழே ஒரு படி, வெளியே எல்லா இடத்திலும் பூஜ்யம். அவ்வளவுதான். அதையே பாதியாகச் சுருக்கி, இடம் மாற்றி வைக்கலாம். கால்வாசியாகச் சுருக்கி வைக்கலாம். இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். இது தம்பூரா இல்லை, தவில் அடி. எங்கே விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

1909 ஜூலையில் ஆய்வேடு. 1910-ல் அது மத்தேமாட்டிஷ் அன்னாலன் இதழில் வெளியானது.

நான்கு எண்களில் செய்து பார்க்கலாமா?

கணிதம் என்றதும் தாவிப் போய்விடாதீர்கள். இதற்குக் கூட்டல், கழித்தல், இரண்டால் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் அடுத்தடுத்து நான்கு புள்ளிகள். அவற்றின் வெளிச்சம் 100, 104, 60, 64 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜோடியின் சராசரி 102. முதல் புள்ளி அந்தச் சராசரியிலிருந்து 2 குறைவு, எனவே வித்தியாசம் -2. இரண்டாவது ஜோடியின் சராசரி 62, வித்தியாசம் அதேபோல -2. இப்போது 102, 62 என்ற இரண்டு சராசரிகளையும் ஒரு ஜோடியாக வைத்து அதையே செய்யுங்கள். சராசரி 82, வித்தியாசம் 20.

100, 104, 60, 64 என்ற நான்கு எண்கள் இப்போது 82, 20, -2, -2 ஆகிவிட்டன. எதுவும் தொலையவில்லை. 82-ல் 20-ஐக் கூட்டினால் 102, கழித்தால் 62. அங்கிருந்து -2 வைத்து நான்கு எண்களையும் திரும்பப் பெறலாம். ஒரு தாளில் போட்டுப் பாருங்களேன், சரியாக வரும்.

இதில் என்ன லாபம்? இரண்டு விஷயம். ஒன்று, கடைசி இரண்டு எண்களும் சின்னவை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன வித்தியாசங்களைப் பூஜ்யமாக்கிவிட்டால் படம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், இடம் மிச்சமாகும். இதுதான் சுருக்கம். இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. 82 என்ற முதல் எண்ணை மட்டும் அனுப்பினாலே மங்கலாக ஒரு படம் கிடைத்துவிடும். 20-ம் வந்து சேர்ந்தால் கொஞ்சம் தெளியும். மிச்சமும் வந்தால் முழுப்படம். ஒரே கோப்பு. அதைச் சின்ன போன் முதல் எண் வரை படித்து நிறுத்திக்கொள்ளலாம், பெரிய திரை கடைசி வரை படிக்கலாம். பொறியாளர்கள் இதைத்தான் ஸ்கேலபிள் என்கிறார்கள்.

ஹார் இதை எண்களுக்காகவோ படங்களுக்காகவோ செய்யவில்லை என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கேள்வி வளைவுகளைப் பற்றியது. ஆனால், அவர் வைத்த படிகளை எண்களுக்குப் பொருத்தினால் கிடைப்பது இந்தச் சராசரி - வித்தியாசக் கணக்குதான்.

வேலை பார்த்த ஊர் வேறு நாடானது

1912-ல் ஹார் ஹங்கேரிக்குத் திரும்பி, கொலோஷ்வார் நகரின் ஃபிரான்ஸ் ஜோசஃப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஃபிரிகேஷ் ரீஸ் என்ற இன்னொரு பெரிய கணிதவியலாளரும் இருந்தார். 1917-ல் ஹார் முழுப் பேராசிரியர் ஆனார்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழ். முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. கொலோஷ்வார் ருமேனியாவிடம் போனது. இன்று வரைபடத்தில் அந்த ஊரை க்ளுஜ் என்று தேட வேண்டும். 1919 மே மாதம் ருமேனிய நிர்வாகம் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்த ஹங்கேரியப் பேராசிரியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் முதலில் புடாபெஸ்ட்டில் ஒதுங்கியது. 1921-ல் தெற்கே திஸா ஆற்றங்கரையில் இருக்கும் ஸெகெட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1879 வெள்ளத்தில் அடியோடு அழிந்து, மறுபடி கட்டப்பட்ட ஊர் அது.

ஹாரும் ரீஸும் அங்கே கணிதத் துறையைத் திரும்ப எழுப்ப வேண்டியிருந்தது. தோற்ற நாடு, புதிய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். இந்த நிலையில் அவர்கள் 1922-ல் ஒரு ஆய்விதழைத் தொடங்கினார்கள். நான்கு பேருக்கு மட்டும் புரியும் உள்ளூர்ச் சுற்றறிக்கையாக அதை நடத்தவில்லை. உலகம் படிக்கும் மொழிகளில் கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஆக்டா சயின்டியாரம் மேதமேட்டிகாரம் என்ற அந்த இதழ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வேவ்லெட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஹாரின் வாழ்க்கையில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

கடைசி ஆண்டுகளில் அவர் இன்னொரு பெரிய வேலை செய்தார். ஒரு பந்தை எந்தப் பக்கச் சாய்வும் இல்லாமல் குலுக்கல் முறையில் சுழற்ற வேண்டும் என்றால், எல்லாச் சுழற்சிகளுக்கும் சமமான வாய்ப்பு என்பதை எப்படி அளப்பது? இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொதுவான அளவுகோல் ஒன்றைக் கட்டினார். ஹார் அளவை என்று அதற்குப் பெயர். 1933-ல் அமெரிக்காவின் அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் அது வெளியானது. அதே இதழில், ஹாரின் கட்டுரை முடியும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது வான் நாய்மனின் கட்டுரை. ஹாரின் புதிய அளவுகோலை வைத்து, ஹில்பர்ட்டின் 23 கணக்குகளில் ஐந்தாவதின் ஒரு பகுதியை அவர் அதில் தீர்த்திருந்தார். ஆசிரியரின் கேள்விக்கு மாணவரின் கருவியால் பதில். அதை எழுதியவர் மாணவர் படித்த அதே பள்ளியில் படித்தவர்.

1933 மார்ச் 16-ம் தேதி ஸெகெட்டில் ஹார் இறந்தார். வயது 47. அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த மாதமே வந்த ஒரு சட்டத்தால் எமி நோதர், ரிச்சர்ட் குரான்ட், மாக்ஸ் போர்ன் போன்றவர்கள் கோட்டிங்கனில் வேலையை இழந்தார்கள். ஹார் படித்த கோட்டிங்கன் அதோடு முடிந்துபோனது. அவருடைய எழுத்துகள் ஒரே தொகுப்பாக வர 1959 ஆனது.

பெயர் கிடைத்தது 75 ஆண்டுகளுக்குப் பிறகு

ஹாரின் படிகளில் ஒரு குறை உண்டு. திடீரென ஏறி, திடீரென இறங்குபவை என்பதால், அவற்றை வைத்து அதிகமாகச் சுருக்கினால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். வழவழப்பான, ஆனாலும் ஒரே இடத்தில் நிற்கிற சிற்றலைகள் வேண்டும். அதற்கான வழி கணிதத் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. பிரான்ஸில் எண்ணெய் தேடும் பணியில் இருந்த புவியியற்பியலாளர் ஜான் மோர்லே, நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வுகளின் எதிரொலியைப் படிக்க ஒரு புதிய முறையைத் தேடினார். இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனோடு சேர்ந்து அவர் 1984-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு வேவ்லெட் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. ஈவ் மேயர், ஸ்டெஃபான் மல்லா, 1988-ல் இங்கிரிட் டோபெஷி என்று ஒவ்வொருவராக அதைக் கட்டி எழுப்பினார்கள். டோபெஷி உருவாக்கிய வேவ்லெட் வரிசையில் முதல் உறுப்பினர் யார் தெரியுமா? ஹாரின் படிதான்.

அதற்குப் பிறகு பயன்பாடுகள் வரிசைகட்டின. அமெரிக்காவின் எஃப்பிஐ 1993-ல் கைரேகைகளைச் சுருக்க வேவ்லெட்டைத் தேர்ந்தெடுத்தது. சாதாரண ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டும். அதிகம் சுருக்கினால் ரேகையின் கோடுகள் கட்டத்தின் ஓரத்தில் உடையும். ரேகை உடைந்தால் வழக்கே உடையும். 2001-ல், கேமராவில் முகத்தைச் சுற்றி கட்டம் போடும் வேகமான முறை ஒன்று வந்தது. கண் பகுதி கன்னத்தைவிடக் கறுப்பா என்று வித்தியாசம் பார்க்கும் அந்தச் சின்னச் செவ்வகங்களுக்கும் ஹாரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வீடியோவில் ஏன் தோற்றது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் போனில் பார்க்கும் வீடியோ வேவ்லெட்டில் ஓடுவதில்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. வீடியோ என்பது அடுத்தடுத்த படங்கள்தானே? இரண்டு ஃபிரேம்களை ஒரு ஜோடியாக எடுத்து, ஹார் மாதிரியே சராசரி ஒன்று, வித்தியாசம் ஒன்று எனப் பிரிக்கலாம். விநாடிக்கு 24 படம் 12 ஆகும், பிறகு 6 ஆகும். ஒரே கோப்பில் படத்தின் அளவு, தரம், வேகம் மூன்றையும் அடுக்கடுக்காக வைக்கலாம். ஆனால், கிரிக்கெட் பந்து ஓடினால்? இரண்டு ஃபிரேம்களின் சராசரியில் ஒரு பந்து இரண்டு இடத்தில் பேய் மாதிரி தெரியும். எனவே, பந்து எங்கிருந்து எங்கே போனது என்று முதலில் கண்டுபிடித்து, அதன் பாதையிலேயே சராசரி எடுக்கும் முறையை 1990-களில் உருவாக்கினார்கள்.

2003 அக்டோபரில் எம்பெக் அமைப்பு, ஸ்கேலபிள் வீடியோவுக்கான திட்டங்களைக் கேட்டது. வந்தவை 14. அவற்றில் 12 வேவ்லெட் அடிப்படையிலானவை. தேர்தலாக இருந்தால் அமோக வெற்றி. ஆனால், கடைசியில் ஜெயித்தது மற்ற இரண்டில் ஒன்று. பெர்லினின் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் ஆய்வு நிறுவனம் கொடுத்த அந்தத் திட்டம், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஹெச்.264 முறையிலேயே ஃபிரேம்களை அடுக்கடுக்காக ஒழுங்குபடுத்திக் காட்டியது. அதன் அடி அடுக்கைப் பழைய கருவிகளும் படிக்கும். 2007-ல் அதுதான் தரநிலையானது. கூட்டம் ஒரு பக்கம் இருந்தாலும், சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளோடு ஒத்துப்போவது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிட நல்ல தரவு எனக்குக் கிடைக்கவில்லை.

சிக்னல் குறைந்ததும் உங்கள் போனில் வீடியோ 144பி-க்கு இறங்குகிறதே, அதுகூட ஒரே கோப்பின் அடுக்குகளைக் கழற்றுவது இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனிப் பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். சேமிப்பிடம் மலிவாகிவிட்ட காலத்தின் தீர்வு.

வேவ்லெட் நிலைத்த இடம் சினிமா தியேட்டர். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிமுறை, ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக ஜேபெக் 2000-ல் சுருக்கச் சொல்கிறது. கணக்கை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 4கே ஃபிரேம் ஒன்றில் 4,096-க்கு 2,160 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 36 பிட், விநாடிக்கு 24 ஃபிரேம். சுருக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 6.9 டிபி. விதிமுறை அனுமதிக்கும் உச்சம் விநாடிக்கு 250 மெகாபிட். அதன்படி பார்த்தால் 225 ஜிபி. சுமார் முப்பதில் ஒரு பங்கு. இங்கே ஓடும் வேவ்லெட் ஹாரின் நேரடிப் படி இல்லை, அதன் வழவழப்பான வாரிசு. ஆதார் க்யூஆரில் இருக்கும் படத்துக்கும் இதே பேச்சு பொருந்தும்.

4கே-யில் வந்த ஒரு படத்தை 2கே புரொஜெக்டர் மட்டும் இருக்கும் தியேட்டரிலும் ஓட்ட முடிகிறது. அதற்கென்று தனிப் பிரதி வேண்டாம். புரொஜெக்டர் கோப்பைத் திறந்து, சராசரிகள் இருக்கும் அடுக்கு வரை படிக்கும். 2,048-க்கு 1,080 புள்ளிகளில் ஒரு முழுப்படம் திரைக்குப் போய்விடும். மேலே இருக்கும் கடைசி வித்தியாசங்களை அது தொடாமலே விட்டுவிடும்.